வேலைக்கு வரும் அக்காவை என் மகள் "ஏய்" என்று கூப்பிடுகிறாள், அம்மா மனம் நோகாமல் இதை எப்படி மாற்றுவது?

திருச்சி அப்பா எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் நான், மனைவி, 8 வயது மகள், என் அம்மா. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பாப்பாவை வளர்ப்பது பாதிக்கு மேல் அம்மாதான். ஸ்கூல் வேனிலிருந்து இறக்கிக்கொண்டு வருவது, சோறு ஊட்டுவது, தலை பின்னி விடுவது எல்லாம் அப்பாயி கை. அம்மா இல்லையென்றால் எங்கள் வீடு ஒரு நாள் ஓடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாத்திரம் தேய்க்கவும் வீடு கூட்டித் துடைக்கவும் 6 வருஷமாக ஒரு அக்கா வருகிறார். வயது 55-க்கு மேல் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தார், பாப்பா சோபாவில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சிந்திவிட்டது. "ஏய், இங்க பால் கொட்டிடுச்சு பாரு, சீக்கிரம் தொட" என்றாள். அந்தக் குரல், கையை நீட்டிக் காட்டிய விதம், அப்படியே என் அம்மா. அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "காலத் தூக்கிக்க பாப்பா, ஈரம்" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தார்.

எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?" அவள் அழக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்: "அப்பாயி அப்படித்தானே கூப்பிடுறாங்க? நீங்க அவங்கள என்னன்னு கூப்பிடுவீங்கப்பா?"

பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் 6 வருஷத்தில் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிப் போய்விடுவேன். என் மனைவியின் போனில் அவர் நம்பர் "பாத்திரம்" என்று பதிவாகி இருக்கிறது. பெயர் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. பின்பக்க ஜன்னல் மேடையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் எப்போதும் கவிழ்ந்தபடி இருக்கும். அவருக்கு டீ அதில்தான். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே கவிழ்த்துவிடுவார். எங்கள் வீட்டுப் பாத்திரம் அத்தனையும் தேய்ப்பது அவர் கைதான், ஆனால் அவர் குடிக்கிற டம்ளர் மட்டும் அந்தப் பாத்திரங்களோடு சேராது. நான் வளர்ந்த வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது, அதனாலேயே கண்ணில் படாமல் போயிருக்கிறது. பாப்பாவுக்கு எது அந்த டம்ளர் என்று நன்றாகத் தெரியும், அதைத் தொட மாட்டாள்.

அம்மாவுக்கு 68 வயது. அப்பா போய் 4 வருஷம் ஆகிறது, அதிலிருந்து சின்னப் பேச்சுக்கும் மனசு ஒடிந்துபோகிறார். "இது மாமியார் மருமகள் சண்டையா ஆயிடும், அத்தைகிட்ட நீங்களே பேசுங்க" என்கிறாள் மனைவி, அதுவும் நியாயம்தான். நான் ஒரு தடவை மெதுவாக ஆரம்பித்தேன். "வேலை செய்யறவள வாங்க போங்கன்னு சொல்லணுமாக்கும், நாளைக்குத் தலைமேல ஏறி உக்காந்துக்குவா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்பாயி செய்வது தப்பு என்று குழந்தையிடம் சொல்லலாமா? சொன்னால் அப்பாயி மேல் இருக்கும் மரியாதை போய்விடாதா? சொல்லாமல் விட்டால் என் மகள் இப்படியே வளர்ந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.


பொள்ளாச்சி அம்மா எழுதியது:

முதலில் நீங்கள் கூப்பிடுங்கள், அப்புறம்தான் பாப்பா. நாளைக்குக் காலையில் கதவைத் திறக்கும்போது "வாங்கக்கா" என்று சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் வாய் வராது, பரவாயில்லை, சொல்லுங்கள். பிள்ளைகளிடம் மரியாதையாகப் பேசு என்று நூறு தடவை சொல்வதைவிட அவர்கள் காதில் நூறு தடவை விழுந்தால் போதும், தானாக வந்துவிடும். உங்கள் பாப்பாவுக்கு "ஏய்" வந்ததும் அப்படித்தானே.

எங்கள் பக்கம் நாலு வயசுப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு, சாப்புடுங்க" என்றுதான் சொல்வோம். கொங்குப் பேச்சு மரியாதையான பேச்சு என்று எல்லோரும் மெச்சுவார்கள், எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வேறு. என் தாத்தா தோட்டத்தில் ஒரு பெரியவர் வேலை பார்த்தார், 70 வயது இருக்கும். நாங்கள் பத்து வயதுப் பிள்ளைகள் அவரைப் பேர் சொல்லி "வாடா, அந்த மாங்காயப் பறிடா" என்போம். அவர் எங்களை "வாங்க சின்னம்மணி" என்பார். எங்கள் வீட்டில் யாரும் எங்களைத் திட்டவில்லை, யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. ஊருக்கே கொடுக்கிற "ங்க" அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. எனக்குப் புத்தி வந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தபோது அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உங்கள் மகளுக்கு 8 வயதுதான் ஆகிறது, இப்போதே உங்கள் கண்ணில் பட்டது நல்லது.


இராயபுரம் பையன் எழுதியது:

என் அம்மா சென்னையில் 22 வருஷம் வீட்டு வேலை செய்தவர், அந்தக் காசில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தயவுசெய்து பாப்பாவை அந்த அக்கா முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். ஒரு வீட்டில் அப்படிச் செய்தார்கள். அவர்கள் நல்ல மனசோடுதான் செய்தார்கள். பையன் அழுகிறான், அப்பா "சொல்லு, ஸாரி சொல்லு" என்று அதட்டுகிறார், பாட்டி உள்ளே முணுமுணுக்கிறார், நடுவில் என் அம்மா கையில் விளக்குமாறோடு நிற்கிறார். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. "என்னால அந்தப் புள்ள அடி வாங்குச்சு, இனி அந்தப் பாட்டி என்னை வச்சிருக்குமா" என்று அதே கவலை. வீட்டுக்காரர்களுக்கு அது பிள்ளைக்குப் பாடம், என் அம்மாவுக்கு அது வேலை போகுமோ என்ற பயம். பாப்பாவிடம் தனியாகப் பேசுங்கள்.

அடுத்து, கூப்பிடுவது மட்டும் மாறினால் போதாது. அம்மா வேலை பார்த்த இன்னொரு வீட்டில் எல்லோரும் வாய் நிறைய அக்கா, அக்கா என்பார்கள், சம்பளம் மட்டும் 10 தேதி தாண்டித்தான் வரும், அதையும் இரண்டு தடவை கேட்கணும். உடம்பு முடியாமல் ஒரு நாள் போகவில்லையென்றால் அந்த ஒரு நாள் காசைப் பிடிப்பார்கள். ஒண்ணாம் தேதி கேட்காமலே கொடுப்பது, வாரத்தில் ஒரு நாள் லீவு, அது மரியாதை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-லிருந்து தனி நலவாரியம் இருக்கிறது, பதிவு செய்தால் 60 வயதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகள் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. உங்கள் அக்காவுக்கு 55-க்கு மேல் என்கிறீர்கள். பதிவு பண்ணியிருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் கூடப் போய்ப் பதிந்து கொடுங்கள். என் அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே யாரும் சொல்லவில்லை, நான் வேலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

டம்ளரைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.


மதுரை வாத்தியார் எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான், அதனால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். "நீ" என்ற சொல்லில் அவமரியாதை எதுவும் இல்லை. நம்மில் பெரும்பாலான வீடுகளில் அப்பாவை "நீங்க" என்போம், அம்மாவை "நீ" என்போம். சாமியையும் "நீதான் காப்பாத்தணும்" என்றுதான் கும்பிடுகிறோம். எங்கள் மதுரைப் பக்கம் "அக்கா வந்துச்சு, அம்மா சொல்லுச்சு" என்று அஃறிணையிலேயே பேசுவோம், இலக்கணப்படி வழு, ஆனால் கேட்கிறவர் காதில் அது பாசமாகத்தான் விழும். எனவே "நீங்க" என்று சொல்ல வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாப்பா "அக்கா, நீ டீ குடிச்சியா" என்றால் அதில் குறையே இல்லை. "ஏய்" என்பதில்தான் எதிரில் இருப்பவருக்குப் பெயரும் இல்லை, முறையும் இல்லை. நம் மொழியில் தெரியாத ஆளையும் அண்ணே, அம்மா, தம்பி, பெரியவரே என்று ஏதாவது ஒரு முறைக்குள் கொண்டுவந்துதானே பேச்சையே தொடங்குகிறோம்?

மரியாதை கொடுக்கவும் மனசில்லை, குறைக்கவும் முடியவில்லை என்றால் "வந்தாச்சா, சாப்பிட்டாச்சா" என்று ஆளையே சொல்லாமல் பேசுவதற்கும் தமிழில் வழி இருக்கிறது. புதிதாக வந்த சம்பந்தியிடமும் தன்னைவிட வயதில் சிறிய மேலதிகாரியிடமும் பலர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். உங்கள் அம்மாவால் "வாங்க" என்று திடீரென்று சொல்ல முடியாது, 68 வருஷப் பழக்கம். இந்த நடுவழிக்கு வந்தாலே பெரிது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையிடம் அப்பாயி தப்பு என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லலாம். "அப்பாயி சின்ன வயசுல அவங்க வீட்ல அப்படித்தான் பேசினாங்க, அது சரியில்லை, நாம மாத்திக்கலாம்" என்று சொன்னால் 8 வயதுப் பிள்ளைக்குப் புரியும். பெரியவர்கள் எல்லாவற்றிலும் சரி என்று சொல்லித்தான் மரியாதையைக் காப்பாற்ற வேண்டும் என்றில்லை.

டம்ளரை மட்டும் மெதுவாக மாற்றலாம் என்று விடாதீர்கள். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தால் வழக்குப் போடலாம். உங்கள் வீட்டு ஜன்னல் மேடைக்கு யாரும் வழக்குப் போட வர மாட்டார்கள், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.


யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது:

எங்கட ஊரில் "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவில் "நீர்" என்று ஒன்று இருக்கிறது, அதனால் இந்த இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சுகம். ஆனால் ஒரு விஷயம். எல்லாரும் அக்கா என்று கூப்பிடுங்கோ, அம்மா என்று கூப்பிடுங்கோ என்கிறீர்கள். அவவிட்டயே ஒருக்கா கேட்டுப் பாருங்கோவன், அவவுக்கு என்ன விருப்பமென்று?


திருச்சி அப்பா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, இராயபுரம் தம்பிக்கு ரொம்ப நன்றி, உங்கள் பதிலைப் படிக்காமல் இருந்திருந்தால் நான் பாப்பாவை மன்னிப்புக் கேட்கத்தான் வைத்திருப்பேன்.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்னபடி அவரிடமே கேட்டேன். வெகு நேரம் சிரித்தார். "பேரச் சொல்லிக் கூப்புடுங்க தம்பி, அக்கான்னு வேணா சேத்துக்கங்க. ரேஷன் கடையிலதான் எம்பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க, மத்த எடத்துல யாரு கூப்புடுறா" என்றார். இப்போது பெயரும் அக்காவும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறோம், மனைவி போனிலும் மாற்றிவிட்டாள். பாப்பாவுக்கு நாலு நாளில் பழகிவிட்டது. நலவாரியத்தில் அவர் பதியவில்லை, ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்து வைத்திருக்கிறார், அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு அழைத்துப் போகிறேன்.

டம்ளரை மறுநாள் காலையிலேயே எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிட்டு, சாயங்காலம் அதிலேயே நான் காபி குடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அலமாரியிலிருந்து புதுப் பீங்கான் கப் ஒன்றை எடுத்து அந்த அக்காவுக்கு டீ கொடுத்தார். அதுவும் தனிக் கப்தான், எனக்குத் தெரிகிறது. அதையும் சேர்த்து அடுக்கத்தான் போகிறேன்.

அன்றைக்கு ராத்திரி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார்: "என்னைய உங்க அப்பாயி பத்து வருஷம் ஏய்னுதாண்டா கூப்புட்டுச்சு. நீ பொறந்த அப்புறந்தான் உன் பேரச் சொல்லி, அவன் அம்மான்னு சொல்லுச்சு. நானும் பொறுத்துக்கிட்டுத்தான இருந்தேன்." எனக்கு இது இத்தனை வருஷத்தில் தெரியாது. என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வாங்க" இன்னும் வரவில்லை. ஆனால் வாத்தியார் ஐயா, நேற்று அந்த அக்கா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "டீ குடிச்சாச்சா?"