புதுப்பிப்பு: நிரல்கள் சி-யில், சொந்தக் கோப்புகள் டி-யில்

ஒரே வன்தட்டில் நிரல்களையும் சொந்தக் கோப்புகளையும் சி, டி என்ற தனித்தனிப் பிரிவுகளில் வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வேலை முடிந்தது. நிரல்களை டி-யில் நிறுவினாலும் அவற்றின் பதிவேட்டுக் குறிப்புகள் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் registry-யில் உள்ளவை) சி-யில்தான் எழுதப்படுகின்றன என்பதாலும், விண்டோஸை அழித்து நிறுவினால் அவற்றில் பெரும்பாலானவற்றையும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும் என்பதாலும், அவற்றைச் சி-யிலேயே விட்டுவிட்டேன். டி-க்கு இடம் ஒதுக்கச் சி-யைச் சுருக்குவதுதான் சிரமமாக இருந்தது: காலியிடம் ஏராளமாக இருந்தும், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் கிடந்ததால் விண்டோஸ் சிறிதளவே விட்டுக்கொடுத்தது, உறக்கநிலையையும் (hibernation) பக்கக் கோப்பையும் (நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வன்தட்டில் வைக்கும் page file) தற்காலிகமாக நிறுத்திக் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே போதிய இடம் கிடைத்தது. ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகளை, பண்புகளில் உள்ள இருப்பிடத் தாவல் வழியாக மாற்றினேன். மொரிஷியஸின் ரோஸ்ஹில் நகரத் தமிழ் வகுப்புப் பாடங்களும் தைப்பூசக் காவடிப் படங்களும் இப்போது டி-யில் உள்ளன. வன்தட்டே பழுதானால் இரண்டு பிரிவுகளும் சேர்ந்தே போகும் என்பதால், மொரிஷியஸின் புயல் பருவத்திற்கு முன் வெளி வன்தட்டு ஒன்றில் டி-யைப் படியெடுக்கவிருக்கிறேன்.