ஐஸ் பெட்டியில் வந்த ஹீலா செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) நுண்குழல் (செல்லுக்குள் சட்டகமாக நிற்கும் மெல்லிய புரதக் குழல்) காணோம், நியூரானில் மட்டும் இருக்கிறது. ஏன்?

வாளையார்_வழி:
செல்களைக் கோயமுத்தூரில் வளர்த்து, கன்ஃபோகல் நுண்ணோக்கிக்குப் பாலக்காடு கொண்டுவருகிறோம். கவர்ஸ்லிப்களை உயிரோடு ஐஸ் பெட்டியில் வைத்து, வாளையார் தாண்டி வந்துசேர ஒன்றரை மணி நேரம். வந்ததும் 4% பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்து (செல்லை இருந்தபடியே நிலைநிறுத்தி), குழலைக் கட்டும் புரதமான ஆல்ஃபா ட்யூபுலினை ஆன்டிபாடி போட்டுப் பார்த்தால் ஹீலாவில் வெறும் மங்கல். அதே பெட்டியில் வந்த 14 நாள் ஹிப்போகேம்பஸ் நியூரானில் கோடுகள் தெளிவு. ஆன்டிபாடி கெட்டிருந்தால் இரண்டிலும்தானே கெட வேண்டும்? இன்னொரு சந்தேகம்: குழலில் ஒட்டும் புரதங்களில் மேப்-2 டென்ட்ரைட்டோடு (நியூரானின் செய்தி வாங்கும் கிளை) நிற்கிறது, டௌ மட்டும் ஏன் செல் முழுக்க வருகிறது?

நிளாக்கரை:
ஆன்டிபாடியில் குறை இல்லை, ஐஸ்தான் காரணம். குளிரில் நுண்குழல் ட்யூபுலின் இரட்டைகளாகக் கழன்றுபோகும். ஹீலாவுக்கு ஐஸில் அரை மணி நேரமே போதும்.

நியூரானின் குழலைக் காப்பது மேப்-6 என்ற புரதம். பழைய பேர் ஸ்டாப். டௌதான் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. டௌ இருந்தால் குழலைக் கலைக்கும் நோகோடசோல் மருந்தைத் தாங்கும், குளிரைத் தாங்காது. மேப்-6 குழலின் உட்புறத்திலும் இருக்கும் என்று 2020-இல் காட்டினார்கள். எனக்கு இந்தப் புரதத்தில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். ஒப்பீட்டுக்கு எலியின் த்ரீ-டி-த்ரீ செல்லை எடுக்காதீங்க. அதில் மேப்-6-இன் குட்டை வடிவம் இருப்பதால் குளிரிலும் கொஞ்சம் குழல் மிஞ்சும், குழப்பிவிடும்.

கொல்லங்கோட்டார்:
ஃபிக்ஸ் செய்துவிட்டுப் பயணம் வையுங்க, அவ்வளவுதான். ஃபெம் (PHEM) பஃபர்: பைப்ஸ் 60, ஹெப்பீஸ் 25, இ.ஜி.டி.ஏ 10, மெக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், பி.எச் 6.9. கால்சியமும் குழலைக் கலைக்கும், அதைப் பிடித்துவைக்கத்தான் இ.ஜி.டி.ஏ. இதில் 4% பாராஃபார்மால்டிஹைடு கரைத்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, 15 நிமிடம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் பழைய கதைதான். ட்யூபுலினுக்கு மட்டும் 0.2% குளூட்டரால்டிஹைடு சேர்க்கலாம். பிறகு சோடியம் போரோஹைட்ரைடு மில்லிக்கு 1 மில்லிகிராம், 10 நிமிடம். இல்லையென்றால் பின்னணி ஒளிரும். மேப் ஆன்டிபாடி போடும் தட்டில் குளூட்டரால்டிஹைடு வேண்டாம், சில ஆன்டிபாடிகள் ஒட்டாமல் போகும். பி.பி.எஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கெடாமலிருக்க 0.02% சோடியம் அசைடு சேர்த்து, அதில் வைத்துக் கொண்டுவாங்க. அதற்கப்புறம் ஐஸ் ஒன்றும் செய்யாது.

நிளாக்கரை:
டௌ விஷயம்: எந்த ஆன்டிபாடி என்று பாருங்க. டௌ-1 க்ளோன் என்ற ஆன்டிபாடி பாஸ்பேட் ஏறாத டௌவை மட்டும் பிடிக்கும். அதனால்தான் ஆக்சான் (நியூரானின் செய்தி அனுப்பும் நீண்ட இழை) மட்டும் பளிச்சென்று வரும். பாஸ்பேட்டைக் கழற்றும் அல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸ் போட்டால் அதே ஆன்டிபாடி செல் உடலிலும் டென்ட்ரைட்டிலும் காட்டும். மொத்த டௌவைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்றால் உங்கள் படம் சரியான படம்தான். ஆக்சானை அடையாளம் காண ஆன்கிரின்-ஜி ஆன்டிபாடி போடுங்க, ஆக்சானின் தொடக்கத்தில் அடர்த்தியாக நிற்கும்.

டௌ எங்கும் இருந்தாலும் வேலை வேறு. 1992-இல் எஸ்.எஃப்-9 பூச்சி செல்லில் மேப்-2-ஐச் செலுத்தியபோது குழல்களுக்கு நடுவே சுமார் 65 நானோமீட்டர், டௌவுக்குச் சுமார் 20. டென்ட்ரைட்டிலும் ஆக்சானிலும் முறையே காணும் இடைவெளி அதேதான்.

வாளையார்_வழி:
நன்றி. ஐஸில் வந்துவிட்ட ஹீலாவைக் காப்பாற்ற முடியுமா?

கொல்லங்கோட்டார்:
37 டிகிரி மீடியத்தில் அரை மணி வைத்தால் குழல் திரும்ப வளரும். முதல் சில நிமிடத்தில் ஃபிக்ஸ் செய்தால் சென்ட்ரோசோமிலிருந்து (குழல்கள் முளைக்கும் மையம்) நட்சத்திரமாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தட்டில் அளவீடு எடுக்காதீங்க.