சிறுவர்களுக்கு ‘மடகாஸ்கர் 2’ திரையிடல்: படத்தோடு சேர்த்து என்ன செய்யலாம்?

ஞாயிறு_நூலகம்:
எங்கள் நூலகத்தின் சிறுவர் பிரிவில் ‘மடகாஸ்கர்: எஸ்கேப் 2 ஆப்ரிக்கா’ (2008) போடப் போகிறோம். 6 முதல் 11 வயது வரை சுமார் 25 பிள்ளைகள் வருவார்கள். படம் 89 நிமிடம், கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். மீதி நேரத்தை வினாடி வினாவில் கழிக்க விருப்பமில்லை. மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்:

1. படத்தில் வரும் விலங்குகளின் நடத்தையில் எது உண்மை, எது கற்பனை?
2. பிள்ளைகள் கையால் செய்து பார்க்க இந்தப் படத்தோடு பொருந்துகிற செய்முறைகள் உண்டா?
3. முதல் பாகம் பார்க்காதவர்களுக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்?

---

கானகன்:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். படத்தைப் பாதியில் நிறுத்தி விளக்காதீர்கள், எல்லாவற்றையும் முடிந்த பிறகு பேசுங்கள். சிரிப்பின் தாளம் ஒரு தடவை அறுந்தால் பிள்ளைகளைத் திரும்பக் கதைக்குள் கொண்டுவருவது கஷ்டம்.

சிங்கம்: படத்தில் அப்பா ஜூபா கூட்டத்தின் தலைவர், மகன் அலெக்ஸ் வாரிசு. நிஜத்தில் வாரிசு முறையே கிடையாது. சிங்கக் கூட்டத்தின் நிலையான பகுதி பெண் சிங்கங்கள்தான்: அம்மா, மகள், சித்தி, பாட்டி. ஆண்கள் பெரும்பாலும் சகோதரர்களாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்து கூட்டத்தைப் பிடிப்பார்கள், சில ஆண்டுகளில் வேறொரு அணியிடம் தோற்று வெளியேறுவார்கள். அங்கேயே பிறந்த ஆண் குட்டியும் இரண்டு மூன்று வயதில் வெளியே போயாக வேண்டும். ஆக, மகனைத் துரத்துவது உண்மை, படத்தில் வருவதுபோல் தேர்வு வைத்துத் துரத்துவதுதான் கற்பனை. ஜூபாவின் போட்டிச் சிங்கம் மக்கூங்கா தனியாளாகச் சதி செய்து பதவியைப் பிடிப்பதும் அபூர்வம். தனிச் சிங்கத்தால் ஒரு கூட்டத்தை நீண்ட நாள் காக்க முடியாது.

வரிக்குதிரை: இங்கேதான் படம் உண்மையிலிருந்து ரொம்ப தூரம் விலகுகிறது. மார்ட்டியின் மந்தையில் எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே குரல். (குரலும் நிஜமாகவே ஒரே ஆள்தான்: கிறிஸ் ராக்.) ஆனால் எந்த இரு வரிக்குதிரைக்கும் ஒரே வரி அமையாது. ஒரே உடம்பில்கூட இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு. அதனால் ஆய்வாளர்கள் எப்போதும் ஒரே பக்கத்தைப் படமெடுத்து ஒப்பிடுகிறார்கள். அலெக்ஸ் தன் நண்பனைப் பின்புறத்தில் உள்ள கடித் தழும்பை வைத்து அடையாளம் காண்கிறானே, அது வெறும் நகைச்சுவை இல்லை. காட்டில் விலங்குகளைக் கணக்கெடுப்பவர்கள் தழும்பையும் காது கிழிசலையும் குறித்துக்கொள்வார்கள். சிங்கத்துக்கு மீசை முளைக்கும் இடத்திலுள்ள புள்ளிகளின் அமைப்பைப் பார்ப்பார்கள்.

வரி எதற்கு என்று கேட்பார்கள். கடிக்கும் ஈக்கள் வரிமேல் சரியாக இறங்க முடியாமல் தடுமாறுகின்றன என்பதற்கே இப்போது வலுவான சான்று இருக்கிறது. ஆய்வாளர் டிம் காரோவின் குழு குதிரைகளுக்கு வரிபோட்ட துணி போர்த்திச் சோதித்து 2019இல் வெளியிட்டது. துணி மூடிய இடத்தில் ஈக்கள் குறைவாக உட்கார்ந்தன, மூடாத தலையில் வழக்கம்போல உட்கார்ந்தன.

நீர்யானை: குளோரியா நீந்துவாள். நிஜ நீர்யானை நீந்துவதில்லை, ஆற்றின் தரையில் கால் ஊன்றி நடக்கும், உந்திக் குதிக்கும். மூச்சை ஏறத்தாழ ஐந்து நிமிடம் அடக்கும். படத்தில் வரும் ஆண் நீர்யானை மோட்டோ மோட்டோவைப் போல ஓர் ஆண் தண்ணீரில் ஒரு பகுதியைத் தன்னுடையதாக வைத்திருப்பது உண்மை. அதை அறிவிக்க வாலை விசிறிபோல் சுழற்றிச் சாணத்தைத் தெறிக்கவிடும். அன்று நீங்கள் சொல்வதில் பிள்ளைகளுக்கு மறக்காமல் நிற்கப் போவது இதுதான்.

ஒட்டகச்சிவிங்கி: இரண்டு மாடி வரை எட்டும் உயரம், ஆனால் கழுத்தில் நம்மைப் போலவே ஏழு எலும்புதான். தண்ணீர் குடிக்க முன்கால்களை அகட்டவோ மடக்கவோ வேண்டும். மெல்மன் எந்தக் காட்சியில் அகட்டுகிறான், எதில் அப்படியே குனிகிறான் என்று பெரிய பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லலாம்.

லெமூர்: ஜூலியன் வளைய வால் லெமூர். அந்த இனத்தில் பெண்களுக்கே அதிகாரம், சாப்பாட்டிலும் அவர்களுக்குத்தான் முதல் உரிமை. நிஜத்தில் ‘கிங் ஜூலியன்’ வரிசையில் பின்னால்தான் நிற்பார். மாரிஸ் ஐ-ஐ இனம், மோர்ட் சுண்டெலி லெமூர். மூவருக்கும் சொந்த ஊர் மடகாஸ்கர் மட்டும்தான். ஆப்பிரிக்கக் கரைக்கும் தீவுக்கும் நடுவே மொசாம்பிக் கால்வாய், மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 400 கி.மீ. அதனால் இரண்டாம் பாகத்தில் ஊரைவிட்டு வெகுதூரம் வந்திருப்பது லெமூர்கள்தான். அலெக்ஸ், மார்ட்டி, குளோரியா, மெல்மன் என்ற நான்கு நண்பர்களுக்கும் ஆப்பிரிக்கா பூர்வீக மண். பெரிய பிள்ளைகளிடம் இதைக் கேள்வியாகவே வையுங்கள்: இந்தப் படத்தில் யார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், யார் வீட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள்?

---

பென்சில்முனை:
செய்முறைக்கு என் பரிந்துரை புரட்டுப் புத்தகம்: தாள்களை வேகமாகப் புரட்டினால் படம் அசைவதுபோல் தெரியும். இந்தப் படத் தொடரின் உயிரே உடம்பு நசுங்குவதும் நீளுவதும். கையால் வரையும் பழைய கார்ட்டூனில் அது சுலபம், நீளமாக வரைந்தால் போதும். கணினி உருவத்துக்கு உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஓர் அமைப்பு இருக்கும். அதை நீட்டினால் மேலே உள்ள ரோமமும் வரியும் சேர்ந்து இழுபடும். அதைத் தாங்குகிற மாதிரி உருவத்தை முதலிலிருந்தே கட்டியாக வேண்டும். 2005இல் முதல் பாகம் வந்தபோது தனித்துத் தெரிந்ததற்கு இது முக்கியக் காரணம்.

தேவை: ஆளுக்கு ஒரு சிறிய ஒட்டுத்தாள் கட்டு (பசைப் பக்கம் மேலே), பென்சில், ஒரு ரூபாய் நாணயம்.

கட்டின் கடைசித் தாளில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். அப்போதுதான் அடியில் உள்ள படம் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம். எல்லாத் தாளிலும் ஒரே உயரத்தில் தரைக்கோடு. குதிக்கும் பந்துக்கு 12 படம் போதும், 6 வயதுக்காரர்களுக்கு 8. நாணயத்தை வைத்துச் சுற்றி வரைந்தால் அளவு மாறாது.

உச்சியில் பந்துகள் ஒன்றையொன்று மூடுகிற அளவுக்கு நெருக்கமாக வர வேண்டும், தரையை நெருங்க நெருங்க இடைவெளி விரிய வேண்டும். தரையைத் தொடும் ஒரே ஒரு படத்தில் பந்து நசுங்கட்டும். அதற்கு முந்தைய படத்திலும் பிந்தைய படத்திலும் நீள்வட்டமாக நீளட்டும். மற்றவை நாணய வட்டம்.

எங்கே கெடும் என்றால்: எல்லா இடைவெளியையும் சமமாக வைப்பார்கள், பந்து மின்தூக்கி மாதிரி ஏறி இறங்கும். உயரத்தைக் குறைத்துவிட்டு அகலத்தைக் கூட்ட மறப்பார்கள், பந்து நசுங்காமல் சுருங்கியதாகத் தெரியும். நசுங்கல் இரண்டு மூன்று படத்துக்கு நீண்டால் பந்து சேற்றில் விழுந்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றையும் நீங்கள் முன்கூட்டியே தப்பாகச் செய்து ஒரு கட்டு வைத்திருங்கள். சரியானதையும் தப்பானதையும் மாற்றி மாற்றிப் புரட்டிக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

முடித்தவர்கள் பந்துக்குக் காதும் வாலும் வைத்துக் குளோரியா ஆக்கிக்கொள்ளலாம். அவள் உருவமே வட்டங்களால் ஆனது, அலெக்ஸின் பிடரி மேலே அகன்று கீழே ஒடுங்கும், மெல்மன் வெறும் குச்சி. நான்கு பேரையும் கறுப்பு நிழலாக வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள், கடைசி வரிசையிலிருந்தும் யார் யார் என்று சொல்லிவிடலாம். நல்ல பாத்திர வடிவமைப்புக்கு அதுதான் சோதனை.

ஒரு கணக்கும் உண்டு. நொடிக்கு 24 படம், 89 நிமிடம், ஏறக்குறைய 1,28,000 படங்கள். 12 படம் வரைந்து கை வலித்த பிறகு இதைச் சொல்லுங்கள், வரைவதற்கு முன்னால் சொன்னால் அது வெறும் எண்.

---

ஓடைக்கரை:
முதல் பாகத்தைப் பற்றி இவ்வளவு போதும்: நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் வளர்ந்த நான்கு நண்பர்கள் மடகாஸ்கரில் மாட்டிக்கொண்டார்கள், பென்குயின்கள் ஒரு பழைய விமானத்தைத் தட்டிக்கொட்டித் தயாராக்கியிருக்கின்றன. அலெக்ஸ் குட்டியாக இருந்தபோது நடந்ததைப் படமே தொடக்கத்தில் காட்டிவிடும். (நிஜ சென்ட்ரல் பார்க்கில் சிங்கமோ ஒட்டகச்சிவிங்கியோ இல்லை. 1988இல் புதுப்பித்துத் திறந்தபோது பெரிய விலங்குகள் பலவற்றை விட்டுவிட்டு, பென்குயின், கடற்சிங்கம் போன்றவற்றுக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள்.)

சிறியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு: நீர்க்குட்டை ஏன் வற்றுகிறது? காரணம் துண்டு துண்டாகப் படம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. விமானம் நொறுங்குகிறது. அதைச் சரிசெய்யப் பென்குயின்கள் சுற்றுலா ஜீப்பைத் திருடுகின்றன. பயணிகள் காட்டில் தனித்துவிடுகிறார்கள். அவர்களில் ஒரு பாட்டியின் தலைமையில் அவர்கள் ஆற்றை மறித்து அணை கட்டுகிறார்கள். கீழே குட்டை காய்கிறது. ஆக, விலங்குகளின் தாகத்துக்கு நம் நாயகர்களின் விமானமே முதல் காரணம். இதை ஐந்து அட்டையில் வரைந்து, கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு அணையைச் செய்தே காட்டுங்கள்.

சுமார் 45 × 30 செ.மீ. தட்டு, விளிம்பு 5 செ.மீ.க்குக் குறையாமல். ஆற்றுமணலை 3 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். ஒரு முனைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம், 2 செ.மீ. உயர்ந்தால் போதும். இரண்டு விரலால் வாய்க்கால் கீறுங்கள். கீழ் முனையில் பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் புதைத்தால் அதுதான் குட்டை. மூடியில் துளையிட்ட அரை லிட்டர் பாட்டிலை மேல் முனையில் சாய்த்துப் பிடித்தால் ஆறு.

மணலை முதலிலேயே ஈரமாக்காவிட்டால் குட்டைக்கு ஒரு சொட்டும் வராது, எல்லாவற்றையும் மணல் குடித்துவிடும். சாய்வு கூடினால் வாய்க்கால் அரித்து அகன்றுவிடும். அணையை மணலில் கட்டினால் கரையும், குச்சியில் மட்டும் கட்டினால் ஒழுகும். குச்சியை நட்டு, தண்ணீர் வரும் பக்கத்தில் களிமண் அப்பினால் நிற்கும். களிமண்ணை இரு கரைக்குள்ளும் ஒரு விரல் ஆழம் செருக மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

அணைக்குப் பின்னால் நீர் ஏறுவதைக் காட்டுங்கள். தண்ணீர் காணாமல் போகவில்லை, மேலே நிற்கிறது, அவ்வளவுதான். கடைசியில் ஒரு குச்சியை உருவினால் படத்தின் உச்சக்காட்சி. தட்டுக்கு அடியில் பழைய துணியோ சாக்கோ விரித்திருங்கள். 25 பேருக்கு ஐந்து தட்டு, தட்டுக்கு ஐந்து பேர்.

நேரம் இடிக்கும். புரட்டுப் புத்தகம், அணை இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 6–7 வயதுக்காரர்கள் அதிகம் என்றால் அணை.

---

ஞாயிறு_நூலகம்:
மிக்க நன்றி. அணைதான். இன்னும் இரண்டு சந்தேகம். குட்டி அலெக்ஸின் பெட்டி ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்து நியூயார்க் வருவது நடக்கக்கூடியதா? கண்டிப்பாகக் கேட்பார்கள். இன்னொன்று, மெல்மன் தனக்குச் சாவு வந்துவிட்டது என்று நினைப்பதும், எரிமலைக்குப் பலியாகப் போவதும் 6 வயதுக்காரர்களுக்குத் தாங்குமா?

---

கானகன்:
பெட்டிக்கு வழி உண்டு, குட்டிக்குத்தான் இல்லை. உலக உருண்டையில் நூல் ஒட்டிக் காட்டுங்கள்: கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தெற்கே அகுல்யாஸ் நீரோட்டம், தென்முனையில் அதிலிருந்து கழன்று அட்லாண்டிக்குக்குள் போகும் பெரிய நீர்ச்சுழல்கள், பிறகு வடமேற்காகப் பிரேசில் பக்கம், கரீபியன், வளைகுடா நீரோட்டம். அந்தக் கடைசி நீரோட்டமும் நியூயார்க்கைத் தொடாமல், அதற்குத் தெற்கேயே கரையைவிட்டு விலகிக் கிழக்கே திரும்பிவிடும். நல்ல காற்று அடித்துத் தள்ளினால்தான் கரை. வருடக்கணக்கில் ஆகிற பயணம் அது. சிங்கக் குட்டிக்கு ஆறு மாதம் வரையாவது தாய்ப்பால் வேண்டும், கடல்நீரைக் குடிக்கவும் முடியாது.

---

ஓடைக்கரை:
அமெரிக்காவில் இதற்குக் கொடுத்தது பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) சான்றிதழ், கொஞ்சம் கொச்சையான நகைச்சுவைக்காக. மெல்மன் காட்சிகள் சிரிப்போடுதான் போகின்றன, எரிமலையிலும் அவன் காப்பாற்றப்படுகிறான். சிறியவர்களைக் கலங்கவைக்கக்கூடியது தொடக்கம்தான்: வேட்டைக்காரர்கள், துப்பாக்கி, அப்பாவிடமிருந்து குட்டியைப் பிரிப்பது. படம் போட்ட சில நிமிடங்களிலேயே வந்துவிடும், பிள்ளைகள் இன்னும் இருட்டுக்குப் பழகியிருக்க மாட்டார்கள். அந்தப் பகுதி முடியும்வரை பின்வரிசை விளக்கு எரியட்டும், ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். “குட்டி காணாமல் போகும், ஆனால் பெரியவனாகி அப்பா அம்மாவைத் திரும்பப் பார்ப்பான்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளங்கை அடையாளத்தை வைத்து அம்மா மகனைக் கண்டுபிடிக்கும் காட்சி வரை அவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.