மேரிஸ்வேலில் கிளம்பி 64 அங்குல வண்டியில் ஒரு சுற்று வர வழி உண்டா?

செப்டம்பர் கடைசியில் யூட்டாவின் ஃபிஷ்லேக் தேசிய வனத்தில், பையூட் டிரெயில் என்ற காட்டு வண்டிப் பாதைத் தொடர் பக்கம் வண்டி ஓட்டப் போகிறோம். நெவாடாவிலிருந்து வருகிறோம். வண்டி போலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000, காட்டுப் பாதையில் ஓட்டும் சிறு நான்கு சக்கர வண்டி, அகலம் 64 அங்குலம். அப்பாவும் வருகிறார், எழுபது தாண்டியவர், முதுகுவலி உண்டு. அதனால் மாலைக்குள் கிளம்பிய ஊரான மேரிஸ்வேலுக்கே திரும்பியாக வேண்டும்.

சிக்கல் அகலத்தில்தான். வனத்துறையின் மோட்டார் வாகன வரைபடத்தில் நான் போட்டுப் பார்த்த சுற்றுகளில் எல்லாம் நடுவே ஒரு துண்டு '50 அங்குலம் வரை மட்டும்' என்று மாறிவிடுகிறது. கறுப்பு வெள்ளை வரைபடம். புள்ளி எது, கோடு எது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. திறந்திருக்கும் தேதிகளோ அட்டவணையில், பாதை எண் வாரியாக.

அந்த வரைபடத்தை அவென்சா என்ற வரைபடச் செயலியில் ஏற்றிப் பார்த்தேன். நிற்கும் இடத்தைக் காட்டும், வழி போட்டுத் தராது. செயற்கைக்கோள் படத்தில் நல்ல அகலமான தடங்கள் தெரிகின்றன. ஆனால் வரைபடத்தில் இல்லாத தடத்தில் ஓட்டக் கூடாதே. யூட்டாவின் ஆன்லைன் பயிற்சி, வெளிமாநில அனுமதி, ஸ்பார்க் அரெஸ்டர் (புகைக்குழாயில் தீப்பொறியைத் தடுப்பது) எல்லாம் சரி.

குறுகிய பாதையில் திணித்து ஓட்ட எனக்கு மனமில்லை. ஓரத்துச் செடிகள் நசுங்கினால் அடுத்த மழையில் மண் அரித்துப் போகும்.

இதே அகல வண்டியில் அங்கே ஓட்டியவர்கள், மேரிஸ்வேலில் கிளம்பி 50 அங்குலப் பாதை எதிலும் நுழையாமல் அன்றே திரும்பும் சுற்றின் பாதை எண்களைச் சொல்ல முடியுமா?