எஞ்சினில் அளந்த அதிர்வைப் பிராக்கெட் பகுப்பாய்வில் எங்கே, எப்படிக் கொடுப்பது?

கேள்வி:
வணக்கம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினின் பிளாக்கில் இரண்டு போல்ட்டும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு போல்ட்டுமாகப் பிடித்திருக்கும் ஃபியூயல் ஃபில்டர் பிராக்கெட்டின் சோர்வு ஆயுளை (மீண்டும் மீண்டும் வரும் சுமையில் விரிசல் விழாமல் தாங்கும் காலம்) கணினியில் கணிக்க வேண்டியுள்ளது. எஞ்சினை 1500 முதல் 4500 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றி, ஃபில்டரின் தலையில் ஒட்டிய ஆக்சிலரோமீட்டரில் (முடுக்கத்தை அளக்கும் உணரி) எடுத்த பதிவு கையில் இருக்கிறது. அதை பி.எஸ்.டி.யாக (ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அதிர்வின் சராசரித் திறன் எவ்வளவு என்று காட்டும் நிறமாலை) மாற்றி, கணினி மாதிரியின் மூன்று போல்ட் துளைகளிலும் கொடுத்தால், 138 ஹெர்ட்ஸ் இயல்பு அதிர்வெண்ணில் தகைவு நம்ப முடியாத அளவுக்கு ஏறுகிறது. மாதிரியில் கொடுத்த தணிப்பு (அதிர்வை அடக்கும் அளவு) 2 விழுக்காடு. அதைக் கூட்டலாமா?

பதில்:
தணிப்பைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஃபில்டர் தலையில் பதிவானது எஞ்சின் தந்த உள்ளீடு அன்று, பிராக்கெட் ஏற்கெனவே பெருக்கிவிட்ட விளைவு. 2 விழுக்காடு தணிப்பில் ஒத்ததிர்வுப் பெருக்கம் 25 மடங்கு. அந்த விளைவையே அடியில், போல்ட் துளைகளில், கொடுக்கும்போது மாதிரி அதை மறுபடியும் 25 மடங்காக்குகிறது. பிராக்கெட்டைக் கழற்றாமல், ஒவ்வொரு போல்ட்டுக்கும் அருகே பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் எடை குறைந்த உணரிகளை ஒட்டி, ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். தலையில் எடுத்த பழைய பதிவை வீசிவிட வேண்டாம். கணக்கில் வரும் விடையைச் சரிபார்க்க அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மற்றொரு பதில்:
பி.எஸ்.டி.யும் இங்கே பொருந்தவில்லை. இது தற்செயல் அதிர்வு அன்று. சுழற்சியோடு பூட்டப்பட்ட சைன் அலைகளின் தொகுப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் மேலோங்கும் இரண்டாம் ஆர்டர் (ஒரு சுற்றுக்கு இருமுறை வரும் அதிர்வு) 4140 ஆர்.பி.எம்.மில் உங்கள் 138 ஹெர்ட்ஸைத் தொடுகிறது, நான்காம் ஆர்டரோ 2070-லேயே தொட்டுவிடுகிறது. வேகம் ஏறும் பதிவு முழுவதையும் சராசரியாக்கினால் இந்தக் கூர்மை கரைந்துபோகும். அத்துடன் போல்ட்டுகளுக்கு இடையிலான கட்ட வேறுபாடும் (எது முந்தி, எது பிந்தி அசைகிறது என்பது) பி.எஸ்.டி.யில் தொலைகிறது, மேனிஃபோல்டும் பிளாக்கும் எதிரெதிராக அசைந்தால் பிராக்கெட் முறுக்கப்படுகிறது, விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும் என்பது என் கருத்து. டாக்கோ சமிக்ஞையோடு (எஞ்சின் சுழற்சி வேகத்தைக் காட்டும் சமிக்ஞை) ஆர்டர்வாரியாகப் பிரித்து, வீச்சையும் கட்டத்தையும் ஹார்மோனிக் பகுப்பாய்வில் (சைன் அலை உள்ளீட்டுக்கான விளைவை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் கணக்கிடும் முறை) கொடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் மென்பொருள் பல புள்ளி உள்ளீட்டை இடப்பெயர்ச்சியாக மட்டுமே ஏற்கிறது. முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் கோடு மெல்ல மெல்ல விலகிப் போகிறதே?

பதில்:
நேரப் பதிவில் தொகையிட வேண்டியதில்லை. ஆர்டர்களாகப் பிரித்த பிறகு, ஒவ்வொரு வீச்சையும் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்து, குறியை மாற்றினால் போதும். சரிபார்க்க ஓர் அளவு: 1 ஜி (புவியீர்ப்பு அளவு) முடுக்கத்துக்கான இடப்பெயர்ச்சி வீச்சு 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.1 மி.மீ., 138 ஹெர்ட்ஸில் வெறும் 0.013 மி.மீ. இவ்வளவு சிறிய எண்கள் என்பதால், உள்ளீட்டுக் கோப்பில் தசம இடங்கள் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.