அப்பாவோட ஒத்தக் கிட்னியைக் காப்பாத்த வழி இருக்கா?

வணக்கம் சொந்தங்களே. பர்மாவுல பெகுவிலிருந்து எழுதுறேன்.

தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம் அப்பா கைலியில சிவப்புக் கறை. வெத்தலைச் சாறுன்னு மழுப்பிட்டாரு. ஸ்கேன்ல வலது கிட்னியில 8 சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி. அதோட நுனி ரத்தக்குழாய்க்குள்ளயும் நுழைஞ்சிருக்காம். இடது கிட்னி எப்பவோ சுருங்கிப்போச்சு, பேருக்குத்தான் இருக்கு.

முதல்ல பார்த்த டாக்டர், முழுசா எடுத்துடணும்னு அஞ்சே நிமிஷத்துல முடிச்சிட்டாரு. எடுத்தா ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான். யாங்கூன்ல இன்னொருத்தர் பொறுமையா விளக்கினாரு: 4 சென்டிமீட்டருக்குள்ளன்னா கட்டியை மட்டும் வெட்டுறது வழக்கம், 7 வரைக்கும்கூடச் செய்யறாங்க. அதுக்கு மேல, அப்பா மாதிரி ஒத்தக் கிட்னிக்காரங்களுக்குத்தான் துணிஞ்சு இறங்குவாங்களாம். ரத்த ஓட்டத்தைக் கவ்வி நிறுத்தி, ஐஸ் வெச்சுக் குளிரப்பண்ணி, வெட்டித் தைக்கணும். தைச்ச இடத்துல ரத்தக் கசிவு, மூத்திர ஒழுகல் பயமும் உண்டு.

சென்னை, வேலூர் போய் இப்படிப் பண்ணிக்கிட்டவங்க இருக்கீங்களா? முன்னாடியே மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கினாங்களா? எத்தனை நாள் தங்கணும்? இப்போ உங்களுக்குக் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை அளவு) எவ்வளவு?

இலைச்சாறு வைத்தியம் மட்டும் வேணாம் அண்ணே, எங்க சித்தி ஏற்கெனவே ரெண்டு பாட்டில் இறக்கிட்டாங்க.