புதுப்பிப்பு: அப்பாவின் பள்ளிக்கூடப் படம் கிடைத்துவிட்டது

அப்பா தவறியதைப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவர் வாத்தியாராக இருந்த காலத்துப் படம் யாரிடமாவது இருக்குமா என்றும் கேட்டிருந்தேன். அவரிடம் படித்த அக்கா ஒருவர் கருமக்கிரியை அன்று கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார்.

பலகைக் கட்டடம், முன்னால் வெறுங்காலோடு பிள்ளைகள், ஓரத்தில் அப்பா. சட்டைப் பையில் இரண்டு பேனா. அம்மா அந்தப் பையையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அக்கா சொன்ன ஒன்று எனக்கு இதுவரை தெரியாது. பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்கள், விடியுமுன்னே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பசியாறாமலே பள்ளிக்கு வருவார்கள். அப்பா தினமும் தூக்குச்சட்டியில் கொண்டுபோன தோசை அந்தப் பிள்ளைகளுக்காம். சுட்டுக் கொடுத்தது அம்மா. இருவரும் எங்களிடம் மூச்சுவிட்டதில்லை!

1988இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யூபிஎஸ்ஆர் தேர்வு வந்ததும் ராத்திரி வகுப்பு எங்கள் வீட்டு அஞ்சடியில்தான், அதாவது முன்தாழ்வாரத்தில். நானும் தங்கையும் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர், அவ்வளவுதான். தனிச் சலுகை கிடையாது. வகுப்பு முடிந்தபின் எங்கள் பென்சிலை மட்டும் அவரே சீவி வைப்பார்.

இப்போது அங்கே எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. படத்தைப் பிரதி எடுத்திருக்கிறேன். அவரிடம் படித்தவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.